இரவு எங்கே தங்குவது?

"ஐயா, அந்தக் காலத்தில் வெளியூர் போனவர்கள் இராத்திரி எங்கே படுத்தார்கள்?"

வரலாற்று வகுப்பிலே ஒரு மாணவன் இப்படிக் கேட்டான். முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அணை திறந்த நாளைக் கேட்டிருந்தால், 1895 அக்டோபர் 10, திறந்துவைத்தவர் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். கட்டியவர் பென்னிகுவிக் என்பது எங்கள் பக்கத்துப் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பையனோ படுக்கையைக் கேட்டுவிட்டான்! பாடநூலிலே அதற்கு விடை இல்லை. மன்னன் மாண்ட நாளைக் கல்லிலே வெட்டிவைத்த நாடு, வழிப்போக்கன் தலைசாய்த்த திண்ணையை ஏட்டிலே எழுதிவைக்கவில்லை.

அன்று "நாளை சொல்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டேன். பிறகு துருவத் துருவத்தான் தெரிந்தது, கேள்வியே திருத்தப்பட வேண்டியது என்று. "வெளியூர் போனவர்கள்" என்று ஒரே கூட்டமாக அந்நாளில் எவரும் போகவில்லை. துரை போனான், வைதிகர் போனார், வணிகன் போனான், கூலி போனான். பாதை ஒன்று, பகல் ஒன்று. ஆனால் பொழுது சாய்ந்ததும் அவரவருக்கு வேறு வேறு இரவு. எந்த இரவு எவனுக்கு என்பதை அவன் மடியிலிருந்த காசு முடிவு செய்யவில்லை. அவன் பிறப்பு முடிவு செய்தது.

தேனியை இன்று காண்போர், பேருந்து நிலையத்தைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் தங்கும் விடுதிகளைக் காண்பர். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி வழியாக வரும் சாலை இங்கே வந்துதான் பிரிகிறது. ஒன்று போடிக்கும் அதற்கு மேலே மலைக்கும், ஒன்று சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் கடந்து குமுளிக்கும், ஒன்று வடக்கே பெரியகுளத்துக்கும் போகிறது. 1996-இல் மாவட்டத் தலைநகரான இவ்வூர், வெள்ளையர் ஆட்சியின் பெரும்பகுதியிலே பெரிய ஊர் அன்று. பெரியகுளம்தான் வட்டத் தலைமையிடம்; போடியில் பாளையக்காரர் வழிவந்த ஜமீன்; தேனியிலே சந்தை. எனினும் மலைக்குப் போகிறவனும் மலையிலிருந்து இறங்குகிறவனும் இந்தப் பள்ளத்தாக்கிலே ஓரிரவேனும் கழித்தாக வேண்டும். எங்கே கழித்தான்?

முதலில் துரையைப் பார்ப்போம். அவனுக்குத்தான் முதல் மரியாதை!

கொடைக்கானலிலே அமெரிக்கப் பாதிரிமார்கள் வீடு கட்டியது 1845-இல். அங்கே ஏரியை உண்டாக்கியவர் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு, ஆண்டு 1863. வெயில் சுட்டால் துரைமார் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்புவார்கள். 1875-இல் மதுரைக்கு இரயில் வந்த பிறகு, அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம் அதுதான். அங்கிருந்து மாட்டு வண்டி. வெயிலுக்கு அஞ்சி இரவெல்லாம் வண்டி உருளும். வண்டிக்குள்ளே வைக்கோலும் மெத்தையும் விரித்துத் துரைசானி உறங்குவாள். விடியும்போது வண்டி பெரியகுளத்தை அடுத்த மலையடிவாரத்திலே, கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலே நிற்கும். அங்கே முசாபரி பங்களா. குளியல், சிற்றுண்டி, இளைப்பாறல். பின்னர் மலையேற்றம். நடந்தா ஏறுவார்கள்? நாற்காலியில் மூங்கில் கட்டி, ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். மோட்டார் ஏறும் சாலை இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகே வந்தது. அதுவரை தோள்களே சாலை.

அந்த முசாபரி பங்களாவைச் சற்று எண்ணிப் பாருங்கள். கட்டியதும் பராமரித்ததும் மக்கள் கொடுத்த வரிப்பணம். உள்ளே சாய்வு நாற்காலி, கொசு வலை, சமையற்காரன், காவற்காரன், வருகைப் பதிவேடு. வருகிறவர் சுற்றுப்பயணம் செய்யும் அதிகாரி, அல்லது அவருக்கு ஒப்பான வெள்ளையர். நாற்காலி தூக்கியவன்? தோப்பின் மரத்தடியே அவனுக்கு மாளிகை. பனியில் நனைந்த துண்டே அவனுக்குக் கம்பளி.

மாலைப் பொழுதுக்கு மேலே கொடைக்கானல் கிளப் இருந்தது. பந்தாட்டம், சீட்டாட்டம், நடனம். அந்நாள் வெள்ளையர் சங்கங்களின் மனநிலை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று போதும். 1832-இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப், நாடு விடுதலை பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்தியரை உறுப்பினராக்காமல் இருந்தது. ஆட்சி போயிற்று, நாற்காலி மட்டும் போகவில்லை!

துரையின் இரவு இது. அவன் கட்டிய அணையின் அடியிலே வேலை செய்தவனின் இரவு வேறு. 1887 முதல் 1895 வரை, யானையும் புலியும் திரிந்த காட்டிலே ஆயிரக்கணக்கானவர்கள் குடிசை போட்டுக் கிடந்தார்கள். மலைக்காய்ச்சல் அவர்களை வாட்டியது; காலரா கொண்டுபோயிற்று. நோயால் மாண்டு அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் 483 பேர் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் குடிசைகளின் மாலைக் கேளிக்கை என்ன? சாராயம். சாராயம் இல்லாவிடில் அணை எழும்பியிருக்காது என்றுகூட அந்நாளிலே சொன்னார்கள். மருந்துக்குப் பதில் சாராயம், கேளிக்கைக்கும் சாராயம்! கூடலூருக்கு மேலே லோயர் கேம்ப் என்ற ஊர்ப்பெயரிலே "முகாம்" இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பென்னிகுவிக்குக்கு 2013-இல் மணிமண்டபம் எழுந்தது. எழுந்தது தகும், பள்ளத்தாக்கின் வயல் அவர் பெயரைச் சொல்கிறது. ஆனால் அந்தக் குடிசையில் கிடந்தவர்களின் பெயரைச் சொல்ல எந்த வயலாலும் முடியவில்லை.

அணை கட்டிய பின் எழுந்த ஏரியின் நடுவே, இடப்பாளையத்திலே, திருவிதாங்கூர் மன்னர் மாளிகை அமைத்தார். இன்று அது பணம் கொடுத்தால் எவரும் தங்கக்கூடிய விடுதி. மன்னர் மாளிகையே வாடகைக்கு வந்துவிட்ட காலத்திலே இருக்கிறோம் என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டுக் கீழே இறங்குவோம்.

சரி, துரையும் அல்லாத, கூலியும் அல்லாத நம் நாட்டு வழிப்போக்கன்? "சத்திரம் இருந்ததே! இராணி மங்கம்மாள் கட்டவில்லையா?" என்று கேட்பார்கள். கட்டினார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே ஆண்ட மங்கம்மாளின் பெயரைத் தாங்கிய சத்திரம், மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரிலேயே நிற்கிறது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் வழக்குக்காகவும் வாணிகத்துக்காகவும் மதுரை சென்றோர் எத்தனையோ பேருக்கு அது நிழல் தந்தது. சத்திரம் வைத்த மனம் நல்ல மனம், மறுக்கவில்லை. ஆனால் சத்திரத்துக்குள்ளே புகுந்த சாத்திரம் இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன். நாடெங்கும் எத்தனை அறக்கட்டளைகள் பார்ப்பனருக்குச் சமைத்த சோறிடுவதற்கென்றே எழுதிவைக்கப்பட்டன! மற்றவர் தாமே பொங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் தாழ்வாரத்தில். தீண்டப்படாதவர் என்று தள்ளப்பட்டவரோ வாயிற்படியையே தீண்டக் கூடாது. அறம் வளர்க்கக் கட்டிய கூரை, ஆளைப் பார்த்து நிழல் கொடுத்தது.

வழியோரத்திலே அவனைச் சாதி கேட்காமல் ஏற்ற கட்டடம் ஒன்றே ஒன்று: சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு ஒரு கல் கிடத்தியது. கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாக நட்ட கல். சுமையை இறக்க அது இடம் தரும். உடலைக் கிடத்த இடம் தராது. சேரியிலே உறவினன் இருந்தால் அவனுக்கு இரவு உண்டு. இல்லையெனில் நடையைத் தவிர வேறு இல்லை. தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துச் சென்ற கங்காணி, மலைமேலே "லயம்" என்னும் வரிசை வீட்டில் ஓர் அறையைக் காட்டுவான். ஒரே அறையிலே குடும்பம் குடும்பமாக அடைபட்டார்கள். அந்த லயத்தின் வாசலிலே கூடத் தனித்தனிக் குடம் வைத்தவர்கள் நம்மவர்கள்தாம்.

1928-இல் மதுரை - போடி இரயில்பாதை திறந்தது. ஏலக்காய் இறங்கிற்று, ஆளும் இறங்கினர். போர்க்காலத்திலே அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களிலே மீண்டும் போட்டார்கள். அகலப் பாதையாக்கும் வேலைக்காக 2010-இன் இறுதியில் நின்று, 2022-இல் தேனி வரைக்கும் 2023-இல் போடி வரைக்கும் மறுபடி ஓடத் தொடங்கிய வண்டி அதுவே. இரயில் வந்த ஊரிலே காப்பிக் கிளப் வரும். காசு கொடுத்தால் சாப்பாடு என்ற புதிய அறம் வரும். இது சத்திரத்து அறத்தைவிட மேலானது என்பது என் துணிபு. சத்திரத்தில் உண்டவன் கைகட்டி நின்றான். கிளப்பில் உண்டவன் காசைச் சுண்டினான்.

காசு மட்டும் போதும் என்றிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! போதவில்லையே. காப்பிக் கடையின் நெற்றியிலே "பிராமணாள்" என்று பலகை. உள்ளே போனால் நடுவே தட்டி. இப்புறம் அவாள், அப்புறம் "இதராள்". இரயிலோ வெள்ளைக்காரன் வகுத்த விதிப்படி ஓடியது. ஒரே பெட்டியிலே இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தார்கள். நிலையத்திலே இறங்கியதும் உணவுச்சாலையில் இரண்டு பந்தி! தந்தை பெரியாரும் தன்மான இயக்கத்தாரும் ஆண்டுக்கணக்கில் இடித்துரைத்ததன் பின்னர், 1941-இல் இரயில் நிலைய உணவுச்சாலைகளிலிருந்து அந்தப் பிரிவினை ஒழிந்தது. பெயர்ப்பலகை மட்டும் ஊருக்குள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. 1957 மே திங்களில் திருவல்லிக்கேணி முரளீஸ் கபேயின் முன்னே தொடங்கிய மறியல், நாள்தோறும் தோழர்கள் கைதாகிக் கைதாகி, 1958 மார்ச்சு வரை நடந்து, பலகையிலிருந்த அந்தச் சொல் அழிந்த பிறகே நின்றது. ஒரு சொல்லை அழிக்கப் பத்துத் திங்கள்!

நம் பக்கத்துக்காரர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். வத்தலக்குண்டுக்கு அருகிலுள்ள பட்டிவீரன்பட்டியில் பிறந்தவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். 1929-இல் செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டிலே தலைமை வகித்தவர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்று உத்தரவிட்டார். பேச்சல்ல, உத்தரவு. பேருந்து முதலாளிக்குச் சாத்திரத்தைக் காட்டிலும் உரிமம் பெரிது, ஏற்றிக்கொண்டான்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பிராமணாள் பலகைக்கு மாற்றாக நம்மவர் கடைகள் எழுந்தன. 1930-களில் திருமங்கலத்துப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் காரைக்குடியிலே தொடங்கிய முனியாண்டி விலாசு, கறிச்சோற்றைக் கூச்சமின்றிக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. நல்ல புரட்சி அது. ஆனால் சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலே இரட்டைக் குவளை வைத்தவர் யார்? அவாளா? அல்ல, "இதராள்" என்று ஒதுக்கப்பட்டவரே தமக்கும் கீழே ஓர் "இதராளை" உண்டாக்கினார். அவமானத்தின் சுவை அறிந்தவர், அதை ஆறவைத்து அடுத்தவருக்கு ஊற்றினார்.

இதுவரை சொன்ன இரவுகளையெல்லாம் விடக் கொடிய இரவு ஒன்று இந்தப் பக்கத்திலே இருந்தது. தங்க இடம் கிடைக்காத கொடுமையன்று; தங்கு என்று கட்டளையிட்ட கொடுமை. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், உசிலம்பட்டி வட்டாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழ்ந்த பிரமலைக் கள்ளர்மீது பாய்ந்தது. மக்கள் இட்ட பெயர் ரேகைச் சட்டம். பிறந்த குலத்துக்காகக் கைரேகை. வெளியூர் போகச் சீட்டு. இரவானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். மனைவி ஒரு கூரையில், கணவன் காவற்காரன் கண்ணெதிரே. அரசாங்கச் செலவிலே நடந்த தங்கும் விடுதி! அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரிலே மக்கள் திரண்டார்கள், துப்பாக்கி வெடித்தது, மாயக்காள் என்னும் பெண்ணும் மாண்டவர்களிலே ஒருத்தி. அம்மக்களுக்காக வாதாட வந்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை "ரோசாப்பூ துரை" என்று அவர்கள் அன்போடு அழைத்தார்கள். சென்னை மாகாணத்திலே அச்சட்டம் நீங்கியது 1947-இல்.

ஆண்கள் மாலையானால் காவல் நிலையத்துக்கு நடந்த அதே காலத்திலே, அதே ஊர்களுக்குள் வேறோர் ஒலியும் கேட்டது: ஆர்மோனியத்தின் ஒலி. நாடகக் கொட்டகை வந்துவிட்டது.

ஜமீன் மாளிகைகளிலே சதிர் இருந்தது, அது மாளிகைக்கு. கோயில் திருவிழாக் கூத்து இருந்தது. அங்கே எந்தத் தெருவார் எங்கே உட்காருவது என்பதைக் கோயிலே வகுத்தது. சங்கரதாசு சுவாமிகளின் நாடகங்களை ஏந்தி, மதுரையை நடுவாக வைத்து ஊரூராகச் சுற்றிய கம்பெனிகளும் "ஸ்பெஷல்" நாடகக்காரர்களும் கொண்டுவந்தது மூன்றாவது வகை: சீட்டு வாங்கிப் பார்ப்பது. தரை, பெஞ்சு, நாற்காலி. ஏழைக்குத் தரைதான், ஆனால் அந்தத் தரைக்குச் சாதி இல்லை. பின்னர் கூடாரச் சினிமா வந்தபோதும் அதே மணல், அதே மூன்று வகுப்பு. 1905-இல் திருச்சி இரயில்வே எழுத்தர் சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் சுற்றத் தொடங்கினார். 1931-இல் காளிதாஸ் பேசிற்று. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் ஆட்டக்களம் சினிமாக் கொட்டகையே என்று ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் எழுதினார். அதற்குச் சற்று முன்னரே நாடகக் கொட்டகையின் மணல் வழி காட்டிவிட்டது என்பேன்.

நாடகம் இரவு பத்துக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். சந்தைக்கு முந்திய நாளே மூட்டையோடு வந்த சிற்றூரான், காலணாவோ அரையணாவோ கொடுத்து உள்ளே புகுந்தால் வள்ளி திருமணமும் கிடைத்தது. கண் அயர்ந்தால் மணல் மெத்தையும் கிடைத்தது. மாணவன் கேட்ட கேள்விக்கு நான் கண்ட விடைகளிலே எனக்குப் பிடித்த விடை இதுதான்!

மணலில் ஒழிந்தது மேடையில் ஒழிந்ததா? திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாசரை எண்ணுங்கள். முருகனாக மயில்மீது வீற்றிருந்து வெள்ளையனை வெளுத்து வாங்கியவர். அதற்காகப் பலமுறை சிறை சென்றவர். மருத்துவர் குலத்தில் பிறந்தார் என்பதற்காக, அவரோடு வள்ளியாக நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். முருகன் வேடம் போட்டாலும் முடி திருத்தும் குலம் மறையவில்லை! 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையிலே, மேடை மயிலின்மீதே அவர் உயிர் பிரிந்தது. வெள்ளையன் 1876-இல் நாடகச் சட்டம் போட்டு மேடையை மிரட்டினான். அவன் போன பின்னும், 1954-இல், எம்.ஆர். இராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்து மாகாண அரசு மற்றொரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. கொட்டகை வெறும் கேளிக்கை அன்று என்பதை அதிகாரத்தில் இருந்தோர் நம்மைவிட நன்கு அறிந்திருந்தார்கள்.

1950-இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது விதியைப் படித்தபோது எனக்கு ஒரு வியப்பு. கடை, உணவகம், விடுதி, பொதுக் கேளிக்கை இடம் என நான்கையும் ஒரே மூச்சிலே சொல்லி, சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. இவ்வளவு பெரிய நாட்டின் அடிப்படைச் சட்டத்திலே காப்பிக் கடையைப் பற்றி எழுதவேண்டி வந்தது! எழுதவேண்டி வந்ததற்குக் காரணம், மேலே நாம் கண்ட இரவுகள். 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, தடுப்பவனைத் தண்டனைக்கு உள்ளாக்கியது.

பெருங்காமநல்லூரை அடுத்த சேடப்பட்டியில் 1928-இல் பிறந்த ஒரு சிறுவன், பாய்ஸ் நாடகக் கம்பெனிக்குப் போனான். கொட்டகையிலே உண்டு, கொட்டகையிலே உறங்கி வளர்ந்த அந்த எஸ்.எஸ். இராசேந்திரன், 1962-இல் தேனித் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவிலேயே சட்டமன்ற உறுப்பினரான முதல் திரைப்பட நடிகர் என்று அவரைச் சொல்வார்கள். கூத்தாடிக்கு ஊரிலே திண்ணையும் கொடாத பள்ளத்தாக்கு, அவருக்குத் தன் வாக்கைக் கொடுத்தது.

இதையெல்லாம் தொகுத்து வைத்துக்கொண்டு மறுவாரம் வகுப்பிலே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அதே மாணவன், "இப்போது அப்படியெல்லாம் இல்லையே ஐயா" என்றான். விடை சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வேலை கிடைத்து இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த புதிதில் நான் வாடகைக்கு வீடு தேடிய கதை நினைவுக்கு வந்துவிட்டது. ஒரு வீட்டின் முன்னே "வீடு வாடகைக்கு" என்று அட்டை தொங்கியது. மூதாட்டி ஒருவர் வெளியே வந்தார்; அன்பான முகம். தண்ணீர் கொடுத்தார். வாடகை எவ்வளவு என்று நான் கேட்பதற்குள் அவர் கேட்டார்: "வாத்தியார் தம்பி, நீங்க எந்தப் பக்கத்து ஆளுக?" ஊரைச் சொன்னேன். "ஊரு சரி தம்பி, ஆளுக யாருன்னு கேட்டேன்." அதைச் சொல்வதில்லை என்றேன். "எங்களுக்கு ஒண்ணுமில்ல தம்பி, அக்கம்பக்கம் பேசும்" என்று சொல்லிவிட்டு, சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தத் தெருவிலே இன்னும் இரண்டு வீடுகள். அங்கும் இதே கேள்வி, சொற்கள் மட்டும் வேறு.

முதல் இரண்டு மாதம் நான் பேருந்து நிலையத்தருகே ஒரு விடுதி அறையிலே தங்கினேன். சம்பளத்தில் பாதி அதற்கே போயிற்று. அங்கே மேசைமேல் ஒரு நீண்ட பதிவேடு இருந்தது. பெயர், வயது, தொழில், எங்கிருந்து வருகை, எங்கே செல்கை, கையொப்பம். வேறு கட்டம் எதுவும் அதில் இல்லை. எழுதிக் கொடுத்தேன், சாவியைக் கொடுத்தார்கள்.